கல் நகர்ந்த மலை

ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிற எனக்கு, நில அளவை அலுவலகத்து இளையவர்கள் இன்னமும் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்புவார்கள். தோட்டப் பிரிவுகளையும் கிராம எல்லைகளையும் மறுபடி பார்க்கிற வேலை இப்போது நடக்கிறது. ட்ரோன் பறக்கிறது, மேலேயிருந்து படம் எடுக்கிறது, எல்லைக்கோடு கணினியில் தானாக விழுகிறது. போன மாதம் அவர்களில் ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், நீங்க எப்பப் பாத்தாலும் எல்லை வேலைன்னா பயம்னு சொல்லுவீங்களே, கோடு போடுறதுல பயப்பட என்ன இருக்கு?"

அவளுக்கு எழுத நினைத்த பதில்தான் நீண்டு இப்படி ஆகிவிட்டது.

நான் பதுளைக்காரி. அப்பாவுக்குப் பஜாரில் பாத்திரக்கடை இருந்தது. ஒரு ஜூலையில் தமிழர் கடைகளைக் கொளுத்தியபோது அதையும் எரித்தார்கள். பிறகு அதே இடத்தில் சின்னதாக மறுபடியும் திறந்தார். நான் நில அளவையாளர் வேலைக்கு எழுதிப் போட்டேன் என்று தெரிந்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது. "கடைக்குள்ள இருந்தே நமக்கு இந்தக் கதி. நீ காட்டுலயும் மேட்டுலயும் கோலை நட்டுக்கிட்டு நிப்பியா? யாருன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்றார். சர்க்கார் ஆள் என்று சொல்வேன் என்றேன். அதைக் கேட்டு அவர் இன்னும் அதிகமாகப் பயந்தார்.

தியத்தலாவையில் பயிற்சி. அந்த மூடுபனியில் அளவுச் சங்கிலி இழுத்ததும், அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டதும், ஆண்கள் நடுவே ஒரே பெண்ணாகச் சாப்பாட்டு வரிசையில் நின்றதும் நினைவிருக்கின்றன. அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையில் வேலை கற்றது குணபால சேரிடம்தான்.

அவர் எங்கள் அத்தியட்சகர். மெலிந்த மனிதர். ஒருபோதும் குரல் உயர்த்தமாட்டார். அதனாலேயே எல்லோரும் அவருக்குப் பயந்தோம். கருவிக்கு இடப் பக்கம்தான் நிற்பார். நாம் கோணத்தை வாசித்துச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு அதைத் திருப்பிச் சொல்வார். பிறகு, "இன்னொரு தரம்" என்பார். மறுபடி வாசிக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எழுதலாம். "சுமார்" என்ற சொல் அவர் முன்னால் வாயில் வரக்கூடாது. ஒருமுறை வந்துவிட்டது. கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைக்கச் சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மலை உச்சியில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

எல்லை என்றால் பயம் என்று முதலில் தெரிந்துகொண்டது ஹாலிஎல பக்கத்தில். ஒரு தோட்டத்துக்கும் அதன் கீழே இருந்த சிங்களக் கிராமத்துக்கும் இடையில் பழைய எல்லையைத் தேடிக்கொண்டிருந்தோம். நான் முளை அடித்துவிட்டு நிமிர்ந்தபோது, சுற்றிலும் ஆட்கள். எப்போது வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்று தெரியவில்லை. பெண்கள் வந்து வரிசையாகக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வயதான மனிதர் முன்னால் வந்து, கையிலிருந்த கத்தியின் நுனியை நான் அடித்த முளையின் தலையில் வைத்து, அப்படியே நின்றார். என்னைப் பார்க்கவில்லை, முளையையே பார்த்தார். என் பெயரைக் கேட்டால் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

குணபால சேர் தொப்பியைக் கழற்றினார். அந்தப் பெண்களுக்கு எதிரே ஈரப் புல்லில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேசினார். இது தோட்டத்துக்காக அளப்பதல்ல, உங்கள் எல்லைக்குள் தோட்டம் வந்திருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று சொன்னார். கடைசியில் அந்தப் பெரியவர் கத்தியை எடுத்துக்கொண்டார். ஆனால் நாங்கள் வேலை முடித்துப் போகும்வரை ஒருவரும் எழுந்து போகவில்லை.

திரும்பி வரும்போது ஜீப்பில் சேர் சொன்னார்: "அவர்களுடைய பாட்டன்மார் காலத்தில் இப்படி ஒரு கருவியோடு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். அவன் போன பிறகு மேலே அவர்கள் காடு வெட்டிப் பயிரிட்டு வந்த சேனை நிலம் போய்விட்டது. அவர்கள் மறக்கவில்லை."

பதுளை இருக்கிற இந்த ஊவாவின் கதை முழுக்க அப்படித்தான். கண்டி ராஜாவின் காலத்தில் இது தனித் திசாவையாக, ராஜாவின் அதிகாரி ஒருவர் ஆண்ட பிரிவாக இருந்தது. வெள்ளைக்காரனை எதிர்த்து எழும்பியதற்காக அவன் ஆட்கள் ஊர் ஊராக எரித்து, வயலைக் காடாக்கினார்கள். மாகாணம் என்று கோடு போட்டபோது இந்தப் பக்கத்தை மத்திய மாகாணத்தோடு சேர்த்தார்கள். பிறகு கோப்பித் தோட்டம் பெருகி, பதுளைக்கு என்று ஒரு நிர்வாகம் வேண்டியிருந்ததால் வெட்டித் தனியாக ஊவா மாகாணம் ஆக்கினார்கள். உறுதிப் பத்திரம் காட்ட முடியாத நிலமெல்லாம் முடிக்குரியது என்று சட்டம் போட்டு, அளந்து, தோட்டத்துக்கு விற்றார்கள். அந்தத் தோட்டங்களில் வேலை செய்யத்தான் எங்கள் ஆட்களைக் கடல் கடந்து கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு பதுளை மாவட்டத்தைப் பிளந்து மொனராகலையைத் தனி மாவட்டமாக்கினார்கள். ஒவ்வொரு தரமும் மேசையில் படத்தை விரித்து, ஓடையையும் பாறையையும் மலை முகட்டையும் எல்லையாக வைத்தே கோடு போட்டார்கள். ஓடை இடம் மாறாது, மலை அசையாது என்ற நம்பிக்கையில் போட்ட கோடுகள்.

அந்த நம்பிக்கை பொய்த்த இடம் ஒன்றுக்கு நான் போனேன்.

லுணுகலைக்கு அப்பால், மலை உடைந்து சமவெளிப் பக்கம் இறங்குகிற இடத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். அதன் கீழ்ப் பிரிவில் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாக இரண்டு லயம். லயத்துக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. பழைய படத்தில் அந்த ஓடையின் நடுதான் இரண்டு மாவட்டங்களுக்கும் எல்லை. ஒரு பெருமழையில் ஓடை கரையை உடைத்துக்கொண்டு லயத்துக்குப் பின்பக்கமாக ஓட ஆரம்பித்திருந்தது. மலைச்சரிவில் வெடிப்பும் விட்டிருந்தது. தங்களை அங்கிருந்து எடுத்து வேறு இடத்தில் வைக்கச் சொல்லித் தோட்டத்து ஆட்கள் மனு கொடுத்தார்கள். இந்தப் பக்கத்துப் பதுளை அலுவலகம், ஓடை மாறியதால் லயம் இப்போது அந்தப் பக்கம் என்றது. அந்தப் பக்கத்து மொனராகலை அலுவலகம், பழைய படத்தின்படி லயம் இந்தப் பக்கம்தான் என்றது. அளந்து சொல்லுங்கள் என்று எங்களை அனுப்பினார்கள். நாங்கள் சொல்கிறவரை யாரும் எதுவும் செய்வதாக இல்லை.

போன அன்று செல்லம்மா என்கிற கொழுந்து பறிக்கும் பெண் எங்களைத் தன் காம்பராவுக்குக் கூட்டிப்போனாள். லயத்தில் ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு அறை, அதுதான் காம்பரா. அவள் கணவர் முத்தையா வாசலில் மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

"கதவு மூடுறதில்ல மிஸ். போன மாசம் மூடுச்சு. இப்ப நெலைப்படி சாஞ்சிருச்சு," என்றாள் செல்லம்மா. சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு வெடிப்பு. அதற்குள் பழைய துணியைத் திணித்து வைத்திருந்தாள். "காத்து வருதுன்னு அடைச்சேன். அடைச்ச துணி கீழ விழுந்துருது. வெடிப்பு பெருசாகுதோ என்னமோ."

"பயமுறுத்தாத," என்றார் முத்தையா. "நாலு தலைமுறையா நிக்கிற லயம்."

அங்கே ஒரு பழைய எல்லைக் கல் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்துக் கருங்கல். தலையில் அம்புக்குறி செதுக்கியிருந்தது. அதிலிருந்து தொடங்கி, லயத்தைச் சுற்றி அளந்துகொண்டு போய், கடைசியில் அதே கல்லில் வந்து முடிக்க வேண்டும். கணக்கும் அங்கேதான் வந்து மூட வேண்டும். சிறு வித்தியாசம் எப்போதும் இருக்கும். அதற்கு ஓர் அளவு உண்டு. அன்று எனக்கு அந்த அளவைத் தாண்டி ஒரு சாண் வித்தியாசம் வந்தது.

குணபால சேர் தாளைப் பார்த்தார். "இன்னொரு தரம்," என்றார்.

மறுநாள் பனியில் நனைந்துகொண்டு முழுவதையும் மறுபடி அளந்தேன். ஒவ்வொரு கோணத்தையும் இரண்டு தரம் வாசித்தேன். வித்தியாசம் இன்னும் கூடியது. சேர் என்னை நம்பமாட்டார் என்பதுதான் அப்போதைய பயம். அவர் கருவியைத் தானே எடுத்துக்கொண்டார். நான் கோல் பிடித்தேன். அவருக்கு வந்த வித்தியாசம் என்னுடையதைவிட அதிகம்.

அவர் கல்லின் பக்கத்தில் குந்தி, அதன் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். ஒரு பக்கம் மண் விலகியிருந்தது. "கருவியை எடு. எதிர்மலைக்குப் போவோம்," என்றார்.

எதிர்மலையில் ஒரு பெரும்பாறை உண்டு. அதன்மேல் கருவியை நிறுத்தி, எல்லைக் கல்லில் வெள்ளைச் சாயத்தால் ஒரு புள்ளி வைத்து, தொலைநோக்கியின் குறுக்குக்கோடு அந்தப் புள்ளியில் விழும்படி திருகிப் பூட்டினோம். எங்களிடம் இருந்தது பழைய கருவி. பார்க்கிற எல்லாம் தலைகீழாகத் தெரியும். பழகிவிட்டால் அது தலைகீழ் என்றே தோன்றாது. கருவியை யாரும் தொடாமல் நாங்கள் தள்ளி உட்கார்ந்துகொண்டோம். பின்னேரம் சேர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்க்கச் சொன்னார்.

புள்ளி கோட்டில் இல்லை. பக்கத்தில் தள்ளி நின்றது.

சேர் சிங்களவர், தமிழில் பேசுவது அபூர்வம். அன்று தமிழில் சொன்னார்: "கல்லு போகுது."

கல் தனியாகப் போகவில்லை. கல்லும் லயமும் மாட்டுக்கொட்டிலும் துணி காயப்போட்ட கயிறும் நாங்கள் காலையில் தேநீர் குடித்த வாசலும், எல்லாம் சேர்ந்து கீழே போய்க்கொண்டிருந்தன. யாருக்கும் தெரியவில்லை. செல்லம்மா வீட்டுக் கூரையில் புகை வந்துகொண்டிருந்தது.

நேராகத் தோட்டக் காரியாலயத்துக்குப் போனோம். தோட்டத்தை நடத்தும் துரை இளைஞர், மரியாதையானவர். "மேலிடத்து உத்தரவு இல்லாமல் நான் ஆட்களை எழுப்ப முடியாது. நாளைக் காலை பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்கு யார் வருவார்கள்?" என்றார். தொலைபேசியை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தார்.

குணபால சேர் இந்தப் பக்கத்து அதிகாரியைக் கூப்பிட்டார். "அளந்துவிட்டோம். லயம் உங்கள் எல்லைக்குள் இருக்கிறது. மலை அசைகிறது. இன்றைக்கே ஆட்களை எடுக்க வேண்டும். நீங்கள் எடுக்காவிட்டால் பொறுப்பு உங்களுடையது," என்றார். வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு அந்தப் பக்கத்து அதிகாரியைக் கூப்பிட்டு அதையே, ஒரு சொல்லும் மாறாமல் சொன்னார்.

"சுமார்" என்று சொன்னதற்காக என்னை மலையில் விட்டுவிட்டுப் போன மனிதர். நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கேட்டாயா?" என்றார்.

"கேட்டேன் சேர்."

"யாராவது விசாரித்தால் கேட்டதை மறைக்காமல் சொல்."

அன்று பொழுது சாய்வதற்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் லொறி வந்துவிட்டது. ஒன்றையொன்று பார்த்து முழித்தாலும் வந்த வேலையைச் செய்தார்கள். எல்லோரையும் மேலே பாடசாலைக்குக் கொண்டுபோனோம். முத்தையா மட்டும் வர மறுத்தார். "மாட்ட எங்க கட்டுறது? பள்ளிக்கூடத்துலயா?" என்றார். செல்லம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். மாட்டைப் பாடசாலை வேலியில் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு மழை நின்றுவிட்டது. வெயில் அடித்தது. ஒரு வாரத்துக்கு மேல் மலை சும்மாயிருந்தது. தொலைநோக்கியில் புள்ளி அசையவில்லை. பாடசாலையில் கழிப்பறை போதவில்லை. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். ஆட்கள் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இரண்டு அதிகாரிகளும் பேசிக்கொண்டதில் விஷயம் வெளியே வந்து, குணபால சேரை விசாரணைக்கு வரச் சொல்லிப் பதுளையிலிருந்து தகவல் வந்தது. அவர் ஜீப்பில் ஏறும் முன் தன் கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "பார்த்துக்கொண்டே இரு," என்றார்.

எதிர்மலைப் பாறையில் ஒரு வேலையாளோடு உட்கார்ந்து நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலை விழுமோ என்று பயம். விழாமல் போனால் சேரின் கதி என்ன என்றும் பயம். இந்த இரண்டாவது பயம் வந்தபோது என்னை நினைத்தே எனக்கு நடுக்கமாக இருந்தது. கீழே ஆட்கள் பகலில் லயத்துக்குப் போய்வர ஆரம்பித்துவிட்டார்கள். சமைத்தார்கள், துணி துவைத்தார்கள். முத்தையா மாட்டைப் பழைய கொட்டிலிலேயே கொண்டுபோய்க் கட்டிவிட்டார். நான் கீழே போய்க் கெஞ்சினேன்.

"பகல்ல என்னங்க மிஸ் ஆகப் போகுது," என்றார். "இருட்டுறதுக்குள்ள வந்துருவேன்."

மறுபடி மழை பிடித்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, பின்னேரம் ஒன்றில் சற்று வெளித்தது. மேகம் விலகியதும் நான் கருவியில் கண்ணை வைத்தேன். புள்ளி கோட்டைவிட்டு வெகுதூரம் போயிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மேலும் நகர்ந்தது. மணிக்கூட்டு முள் நகர்வதுபோல அல்ல. ஓர் ஆள் நடப்பதுபோல.

விசிலை ஊதினேன். மூச்சு விடாமல் ஊதினேன். வேலையாள் கத்திக்கொண்டே சரிவில் இறங்கி ஓடினான். தொலைநோக்கியில் லயத்துப் பெண்கள் வெளியே வருவது தெரிந்தது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு எல்லாம் தலைகீழாகத் தெரிந்தது. வானத்தைக் கீழே வைத்துக்கொண்டு, தலை தொங்க ஓடினார்கள். செல்லம்மா ஓடிவந்து, நின்று, திரும்பிப் பார்ப்பது தெரிந்தது. முத்தையா கொட்டில் பக்கம் போய்க்கொண்டிருந்தார். மாட்டின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார்.

அப்போது மலை மேலே எழுந்தது. என் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது. தேயிலையும் மரமும் பாறையுமாகக் கீழிருந்து மேல்நோக்கிப் பொங்கி, லயத்தை மூடி, முத்தையாவை மூடி, ஓடையை மூடியது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்து என்னை அடித்தது. நான் கருவியிலிருந்து கண்ணை எடுத்தேன். எதிரே மலை இருந்த இடத்தில் சிவப்பாக ஒரு காயம். பச்சை மண்ணின் வாசம் அவ்வளவு தூரம் வந்தது. அதன் பிறகு எந்தச் சத்தமும் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. வாயில் இன்னும் விசில் இருப்பது வெகுநேரம் கழித்துத்தான் தெரிந்தது.

லயத்துக்கு அன்று பகல் போயிருந்த அத்தனை பேரும் தப்பினார்கள், முத்தையாவைத் தவிர.

விசாரணையில் குணபால சேரைக் கேட்டார்களாம்: "இரண்டு அதிகாரிகளிடமும் நீங்கள் சொன்னதில் எது உண்மை?" அவர், "மலை அசைகிறது என்று சொன்னது," என்றாராம். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. தூரத்து வறண்ட பிரதேசம் ஒன்றுக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே ஓய்வு பெற்றார். எல்லையை முடித்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்தது.

முத்தையாவின் உடல் சில நாள் கழித்துச் சேற்றுக்குள் கிடைத்தது. அதை அடக்கம் செய்த பிறகு ஒருநாள், நான் அங்கே அளந்துகொண்டிருக்கையில் செல்லம்மா சரிவில் தனியாக ஏறி வந்தாள். வெள்ளைச் சேலை. செருப்பில்லாத காலில் சேறு.

"மிஸ், மரணப் பதிவுக்குப் போனேங்க. எந்த எடத்துல செத்தாருன்னு கேக்குறாங்க. நம்ம லயத்துலதான்னு சொன்னேன். அந்த லயம் எந்த மாவட்டம்னு தெரிஞ்சாத்தான் எழுதலாமாம். அளக்குறவங்கள கேட்டு எழுதி வாங்கிட்டு வான்னு சொல்லிட்டாங்க." பிறகு, "அவரு எந்தப் பக்கம் செத்தாருங்க?" என்று கேட்டாள்.

அவள் கேட்டதில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

உடல் கிடந்த இடத்தை அவளே காட்டினாள். நான் கோலை நட்டேன். அசையாத எதிர்மலைப் பாறையை வைத்துக் கருவியில் பார்த்தேன், இரண்டு தரம் வாசித்தேன், பழைய படத்தோடு வைத்துக் கணக்குப் போட்டேன். முத்தையா கிடந்தது பழைய ஓடையின் நடுவில். கோட்டின் மேலேயே. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அந்த எண்களை எனக்குள்ளே சொல்லிப் பார்த்தேன். மாறவில்லை.

செல்லம்மா சேற்றில் நின்றபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இங்கேருந்து பஸ் எந்தப் பக்கம் போகுது?" என்று கேட்டேன்.

"லுணுகலைக்குத்தாங்க. அந்தப் பக்கம் போகணும்னா காட்டுக்குள்ள நடக்கணும்."

"அப்ப இந்தப் பக்கம்தான் செத்தாரு," என்றேன். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரிங்க மிஸ்," என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் வேகமாக இறங்கிப் போனாள்.